அச்சும் முகமும்

பொம்மையைப் பற்றி விமர்சனமா என்று சிலர் கேட்பார்கள். கவிதை, நாவல், சங்கீதம், சினிமா என்று எழுதுவதற்கு எத்தனையோ இருக்க, பண்ருட்டிப் பொம்மையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? அது பெண்கள் சமாசாரம், குழந்தைகள் சமாசாரம், வருஷத்தில் ஒன்பது ராத்திரிச் சமாசாரம். ஒரு கலையைக் கவனிக்காமல் விட்டுவிட இதைவிடச் சௌகரியமான காரணம் நமக்கு வேண்டியதில்லை. ஆனால் நல்ல புத்தகம் ஒன்றுகூட நுழையாத எத்தனையோ வீடுகளில், பரண் மேல் ஒரு பெட்டிக்குள், பழைய துணி சுற்றிய நாலு பொம்மைகள் இருக்கின்றன. வருஷத்துக்கு ஒரு தரம் அவற்றை எடுத்துத் துடைத்து, எது எந்தப் படியில் நிற்க வேண்டும் என்று யோசித்து நிறுத்தி, விளக்கேற்றிப் பார்க்கிறார்கள். இத்தனை பேர் பார்க்கிற ஒரு பொருளைப் பற்றி, அதில் எது நன்றாயிருக்கிறது, எது நன்றாயில்லை, ஏன் என்று பேச ஆளில்லை. அந்தக் குறையைக் கொஞ்சமாவது தீர்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டியும், கடலூரை ஒட்டிய வண்டிப்பாளையமும் பொம்மைக்குப் பெயர் போனவை. பண்ருட்டி என்றவுடன் வெளியூர்க்காரர்களுக்குப் பலாப்பழமும் முந்திரியும் ஞாபகம் வரும். கொலு வைக்கிறவர்களுக்குப் பொம்மைதான் முதலில் ஞாபகம் வரும். காஞ்சீபுரத்தில் இந்தத் தொழிலுக்கென்று ஒரு தெருவே இருக்கிறது. பெயரும் பொம்மைக்காரத் தெரு. எந்த ஊரானாலும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு பாதியாக ஓர் அச்சு. களிமண்ணானால் பிசைந்து அச்சின் இரண்டு பாதியிலும் அழுத்தி, ஒட்டி, நிழலில் உலர்த்திச் சூளையில் வைப்பார்கள். காகிதப் பொம்மையானால் பழைய காகிதத்தை ஊற வைத்துக் கூழாக்கி, மாவும் சுண்ணப்பொடியும் சேர்த்து அதே மாதிரி அச்சில் அடைப்பார்கள். பிறகு பிசிறு நீக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, உடம்பு முழுவதும் ஒரு வெள்ளைப் பூச்சு. அதன் மேல் தோல் நிறம், ஆடை நிறம், நகை. கடைசியில் கண்.

இந்த வரிசையில் விமர்சகன் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கண்ணுக்கு முந்திய வேலைகளெல்லாம் பொது வேலைகள். ஒரே அச்சிலிருந்து நூறு கிருஷ்ணர்கள் வருகிறார்கள். அந்த அச்சையும் யாரோ இன்னொரு பொம்மையைப் பார்த்துத்தான் எடுத்திருப்பார்கள். ஆடைக்கு மஞ்சள் அடிப்பதை வீட்டில் உள்ள யாரும் செய்துவிடலாம். இப்போது அதற்குக் காற்றால் வர்ணம் பீச்சுகிற கருவியும் வந்துவிட்டது. புருவமும் கண்ணும் உதடும் மட்டும் ஒரு கையின் வேலை. நூறு கிருஷ்ணர்களும் அந்த மூன்று கோடுகளில்தான் ஒருவரிடமிருந்து ஒருவர் பிரிகிறார்கள். அச்சு ஊருக்குச் சொந்தம். முகம் ஓர் ஆளுக்குச் சொந்தம். கதை எழுதுகிறவனுக்கு இது புதிய சேதி இல்லை. ராமாயணம் என்கிற அச்சு எல்லோருக்கும் பொது. அதில் கண் திறந்தவர்கள் சிலர்தான்.

இதைச் சோதித்துப் பார்க்கத் தசாவதார செட்டைப் போல வசதியான பொருள் வேறு இல்லை. எந்தப் பொம்மைக் கடையிலும் இருக்கும். பத்துப் பொம்மைகள், பெரும்பாலும் ஒரு சாண் உயரம் அல்லது அதற்கும் குறைவு. மச்சத்துக்கும் கூர்மத்துக்கும் இடுப்புக்கு மேல் ஒரே உடம்பு, ஒரே கிரீடம். கீழேதான் ஒன்றுக்கு மீன், மற்றொன்றுக்கு ஆமை. பரசுராமன், ராமன், பலராமன் மூன்று பேருக்கும் பல செட்டுகளில் ஒரே தலை. கையிலிருக்கிற கோடாலியையும் வில்லையும் கலப்பையையும் எடுத்துவிட்டால் யார் யார் என்று சொல்ல முடியாது. அச்சுச் செய்தவன் இதோடு நின்றுவிட்டான். மீதியை வர்ணக்காரர் செய்தாக வேண்டும். தந்தை சொல்லுக்காகத் தாயின் தலையை வெட்டிய மனிதனையும், தந்தை சொல்லுக்காக நாட்டை விட்டுப் போன மனிதனையும் ஒரே மண் முகத்தில் அவர் காட்ட வேண்டும். அதற்கு அவரிடம் இருப்பதெல்லாம் ஒரு புருவம். பரசுராமனுக்குப் புருவத்தின் உள்முனை கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். ராமனுக்கு அது சமமாக ஓட வேண்டும். ஒரு நெல்லின் அகலம்கூட இல்லாத வித்தியாசம். அந்த வித்தியாசம் இருக்கிற செட்டை நான் பார்த்திருக்கிறேன். இல்லாத செட்டுகளை அதைவிட அதிகமாகப் பார்த்திருக்கிறேன். பத்து அவதாரங்களும் ஒரே கல்யாணத்துக்கு வந்த பத்து மாப்பிள்ளைத் தோழர்களைப் போலச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். நரசிம்மம்கூட, பால் கேட்கிற பூனை மாதிரி, கொஞ்சம் ஆச்சரியத்துடன் நம்மைப் பார்க்கும். வாங்குகிறவர் பத்தும் இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டு வாங்கிப் போவார்.

என் ரஸனைக்கு மிகவும் உகந்தது கும்பகர்ணன் செட். அது அளவைப் பற்றிய ஒரு விளையாட்டு. உலகத்திலேயே பெரிய உடம்பு என்று காவியம் சொல்கிற ஒருவனை ஒரு முழத்துக்குள் அடக்க வேண்டும்; அடக்கிய பிறகும் அவன் பெரியவனாகவே இருக்க வேண்டும். கலைஞன் என்ன செய்கிறான்? ராட்சஸனைப் பெரிதாக்கவில்லை, மற்றவர்களைச் சிறிதாக்கிவிடுகிறான். சுண்டுவிரல் உயரத்தில் ஆட்கள் மேளம் கொட்டுகிறார்கள், ஈட்டியால் குத்துகிறார்கள், வயிற்றின் மேல் ஏறி நிற்கிறார்கள். அந்தச் சின்ன ஆட்களைப் பார்த்த பிறகுதான் படுத்திருப்பவன் மலையாகிறான். எத்தனையோ நாவலாசிரியர்களுக்குத் தெரியாத ரகசியம் இது. கதாநாயகனைப் பெரியவன் பெரியவன் என்று பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவன் பக்கத்தில் நிற்க ஒரு சாதாரண மனிதனைப் படைக்க மறந்துவிடுவார்கள்.

கும்பகர்ணனில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. எல்லாப் பொம்மைக்கும் கண் திறக்கிற கை, இவன் ஒருவனுக்குக் கண்ணை மூட வேண்டும். மூடிய கண் என்பது ஒரே ஒரு வளைகோடு. அந்தக் கோடு கீழே தொங்கினால் தூக்கம். மேலே வளைந்தால் கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறான். நேராக இழுத்துவிட்டால் செத்துப்போனவன். மேளம் கொட்டுகிறவர்கள் பிணத்துக்கு முன்னால் கொட்டுகிற மாதிரி ஆகிவிடும். ஒரு கடையில் ஒரே அச்சில் வந்த நாலு கும்பகர்ணர்களை வரிசையாகப் பார்த்தேன். ஒருவன் தூங்கினான், ஒருவன் சிரித்தான், இருவர் செத்துப்போயிருந்தார்கள். விலை நாலுக்கும் ஒன்றுதான்.

இந்த விலைதான் என் வழக்கின் முக்கியமான சாட்சி. பொம்மைக் கடையில் வாங்க வருகிறவர் கேட்கிற முதல் கேள்வி, ‘எத்தனை அடி?’ இரண்டாவது கேள்வி, ‘செட்டில் எத்தனை?’ மூன்றாவது, ‘குறைத்துக் கொடுக்க மாட்டீர்களா?’ முகத்தைப் பற்றிக் கேள்வி இல்லை. நாம் உயரத்துக்குக் காசு கொடுக்கிறோம். ஆகவே நமக்கு உயரம் கிடைக்கிறது. பளபளப்புக்குக் காசு கொடுக்கிறோம், பளபளப்புக் கிடைக்கிறது. பொம்மை கெட்டுப்போச்சு, அந்தக் காலத்துப் பொம்மையில் இருந்த களை இப்போது இல்லை என்று புலம்புகிறவர்கள், தாங்கள் எதற்குப் பணம் கொடுத்தோம் என்று யோசித்துப் பார்ப்பது நல்லது. முகம் எழுதத் தெரிந்த ஒருவருக்கு, எழுதத் தெரியாதவரைவிட நாலு ரூபாய் அதிகம் கிடைக்காத சந்தையில் அவர் எத்தனை நாளைக்கு அந்தப் புருவத்தைப் பற்றிக் கவலைப்படுவார்?

இப்போது கொஞ்சம் விலகிச் சிதம்பரத்துக்குப் போக வேண்டும். கீழவீதியில் நின்று கோபுரத்தைப் பார்க்கிறவன், தான் ஒரு பெரிய கொலுவைப் பார்க்கிறான் என்று எப்போதாவது நினைத்திருப்பானா என்று தெரியவில்லை. ஏழு நிலை, ஒவ்வொரு நிலையிலும் வரிசையாக உருவங்கள், வாயில் காப்போர், தேவர்கள், பூதங்கள். கோபுரத்துச் சுதை உருவங்களுக்கும் நிறம் உண்டு. கும்பாபிஷேகத்தை ஒட்டி அதைப் புதுப்பிப்பது கோயில்களின் வழக்கம். சிதம்பரத்தில் 2015 மே 1-ந் தேதி கும்பாபிஷேகம் நடந்தது. மேல் நிலையில் இருக்கிற உருவம் பக்கத்தில் போய்ப் பார்த்தால் பெரிது. தெருவிலிருந்து பார்த்தால் ஒரு சாண். அத்தனை உயரத்திலிருந்து கண் தெரிய வேண்டுமானால் அதைப் பெரிதாக, கறுப்பு விளிம்பு கட்டி எழுத வேண்டும். மெல்லிய நிழல்களும் நயமான நிறக் கலப்புகளும் அங்கே எடுபடாது. கொலுப் பொம்மைக்காரர் எழுதுகிற கண்ணும் இதே கண்தான். தட்டையான நிறம், அழுத்தமான கோடு. கூட்டத்துக்கு நடுவே, ஓர் அறையின் தூரத்திலிருந்து, எண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் பார்க்கப்படப் போகிற முகம் அது. விளக்கின் சுடர் ஆடுகிறபோது வார்னிஷ் மேல் வெளிச்சம் நகரும்; முகம் அசைவது போல இருக்கும். நிழலை விளக்கு போட்டுக்கொள்ளும். ஆகவே வர்ணக்காரர் போட வேண்டியதில்லை.

நிழலை வர்ணக்காரரே போட்டுவிடுகிற வேறொரு சம்பிரதாயமும் உலகத்தில் இருக்கிறது. அதை எனக்குக் காட்டியவர் அண்ணாமலை நகரில் என்ஜினீயரிங் படிக்கிற ஓர் இளைஞர். அவருடைய மேஜை மேல் புத்தகத்துக்குப் பதிலாகக் குள்ளர்களும், பறவைநாகம் போன்ற பிராணிகளும், பச்சைத் தோல் அரக்கர்களும் நின்றார்கள். பிளாஸ்டிக்கில் வார்த்த சின்ன உருவங்கள். மனித உருவமானால் பாதத்திலிருந்து கண் வரை 28 மில்லிமீட்டர் என்பது அவற்றில் பிரசித்தமான அளவு. ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். வர்ணம் பூசாமல்தான் விற்கிறார்கள். வாங்கியவர் பூச வேண்டும், பூசிப் படம் எடுக்க வேண்டும், அதுதான் பொழுதுபோக்கு.

இதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. எச். ஜி. வெல்ஸ், நாவலாசிரியர்தான், பொம்மைச் சிப்பாய்களை வைத்துத் தரையில் யுத்தம் நடத்துவதற்கு விதிமுறைகள் வகுத்து, படங்களுடன் 1913-ல் ‘லிட்டில் வார்ஸ்’ என்று ஒரு புத்தகமே வெளியிட்டார். 1974-ல் அமெரிக்காவில் ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்கிற விளையாட்டும், 1983-ல் இங்கிலாந்தில் ‘வார்ஹாம்மர்’ என்கிற விளையாட்டும் வந்த பிறகு, சிப்பாய்களின் இடத்தில் பூதங்களும் மந்திரவாதிகளும் புகுந்துகொண்டார்கள். பிறகு விளையாட்டே இரண்டாம் பட்சமாகி, வர்ணம் பூசுவதே ஒரு தனிக் கலையாக வளர்ந்துவிட்டது. 1987 முதல் இங்கிலாந்தில் அதற்கென்று ‘கோல்டன் டெமன்’ என்கிற போட்டி நடத்தத் தொடங்கினார்கள்.

அந்த இளைஞர் எனக்கு வேலையின் முறையைக் காட்டினார். முதலில் ஓர் அடிப்பூச்சு. அதன் மேல் அந்தந்த இடத்து நிறம். பிறகு தண்ணீராய்க் கரைத்த ஒரு கறுப்புச் சாயத்தை மேலே விட்டால் அது ஓடி மடிப்புகளில் தங்கிக்கொள்கிறது, அது நிழல். மேடான இடங்களில் அதே நிறத்தை வெளுப்பாக்கித் தொட்டால் அது வெளிச்சம். ஓர் அங்குல உருவத்தில் மூக்குக்குக் கீழே விழுகிற நிழல் நம் கண்ணுக்கு எட்டாது. ஆகவே நிழலையும் எழுதிவிடுகிறார்கள். கண் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். வெள்ளைப் புள்ளி வைத்து, நடுவில் கறுப்பு வைத்து, தவறியதைத் தோல் நிறத்தால் அடைப்பார்கள். பெரிய பொறுமை. நான் அவருடைய குள்ளன் ஒருவனைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். போர்வைக்கு உள்பக்கம்கூட மடிப்பு மடிப்பாக நிறம் இருந்தது.

அவருடைய வீட்டுக் கொலுவிலிருந்து ஒரு நரசிம்மத்தையும் கொண்டுவந்து குள்ளனுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அதைத் திருப்பிக் காட்டி, “பின்னாலே பாருங்க சார், ஒண்ணுமே இல்லை. ஒரே பூச்சு. ஏமாத்து வேலை” என்றார்.

“கோபுரத்து மேலே இருக்கிற பூதத்துக்குப் பின்னாலே போய்ப் பார்த்தால் மட்டும் என்ன இருக்கும்?” என்றேன்.

“செங்கல்தான் இருக்கும்.”

“அப்போ அதுவும் ஏமாத்துத்தானா?”

அவர் சிரித்தார், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டும் வேறு வேறு கலைகள். ஒன்று கையில் எடுத்துத் தனியாகப் பார்க்கிற கலை. மற்றொன்று சுவரோடு சேர்த்து நிறுத்தி, கூட்டமாகப் பார்க்கிற கலை. ஒன்றில் வர்ணக்காரன் வெளிச்சத்தை எழுதுகிறான். மற்றொன்றில் கோட்டை எழுதி, வெளிச்சத்தை விளக்கிடம் விட்டுவிடுகிறான். அந்த இளைஞரின் குள்ளனில் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வருவதாக எழுதியிருந்தது. நான் ஜன்னலை வலப்பக்கம் வைத்துப் பிடித்தவுடன் முகம் குழம்பிவிட்டது. நரசிம்மத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தாலும் அது நரசிம்மம்தான். ஆனால் ஒரு விஷயத்தில் அந்த இளைஞரிடம் நம்மவர்கள் பாடம் கேட்க வேண்டும். தன்னுடைய ஐம்பது குள்ளர்களில் யாருக்கும் யாருடைய முகமும் வராமல் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனைக்கும் அவர்கள் எல்லோரும் இரண்டு மூன்று அச்சுகளில் பிறந்தவர்கள்.

முகமில்லாத ஒரு பொதுப் பொம்மைக்கு முகம் கிடைக்கிறபோது என்ன நடக்கும் என்பதற்கு இலக்கியத்திலேயே சாட்சி உண்டு. 1826-ல் இங்கிலாந்தில் ஒரு பாதிரியார் தம் மகனுக்கு ஒரு டஜன் மரச் சிப்பாய்களை வாங்கி வந்தார். அவனுடைய மூன்று சகோதரிகளும் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி எடுத்ததற்கு வெல்லிங்டன் பிரபு என்று பெயர். இன்னொருத்தி எடுத்தது உம்மென்று முகத்தை வைத்துக்கொண்டிருந்ததாம். ஆகவே அந்தக் குணத்தையே அதற்குப் பெயராக வைத்துவிட்டார்கள். அந்தச் சிப்பாய்களுக்கு ஒரு தேசம், அந்தத் தேசத்துக்கு ஒரு சரித்திரம், அந்தச் சிப்பாய்கள் படிக்கிற அளவுக்குப் பொடி எழுத்தில் கையகலப் புத்தகங்கள் என்று அந்தக் குழந்தைகள் எழுதிக் குவித்தார்கள். அவர்கள்தான் பிரான்டி சகோதரிகள். வெல்லிங்டனை எடுத்தவள் பின்னால் ‘ஜேன் அயர்’ எழுதினாள். உம்மணாமூஞ்சியை எடுத்தவள் ‘வுதரிங் ஹைட்ஸ்’ எழுதினாள். இரண்டும் 1847-ல் வந்தன. டஜன் கணக்கில் விற்கிற சிப்பாய் ஒருவனின் முகத்தைக் கவனித்துப் பார்த்ததில் தொடங்கிய காரியம் அது.

முகத்தைக் கவனிக்க நமக்கு இப்போது ஒரு புதிய கருவி கிடைத்திருக்கிறது. எல்லோர் கையிலும் காமிரா இருக்கிறது. நவராத்திரி வந்தால் எல்லோரும் கொலுவைப் படம் எடுக்கிறார்கள். ஆனால் எப்படி எடுக்கிறார்கள்? வாசற்படியில் நின்றுகொண்டு, தலை உயரத்திலிருந்து, டியூப் லைட்டும் அணைந்து அணைந்து எரிகிற சீரியல் விளக்கும் முழுதாக எரிய, ஒன்பது படியும் தெரிகிற மாதிரி ஒரே படம். அது ஜனத்தொகைக் கணக்கு. எத்தனை பொம்மை இருக்கிறது என்று அதில் தெரியும். ஒரு பொம்மையின் முகமும் தெரியாது. வார்னிஷ் எல்லாம் வெள்ளை வெள்ளையாய் மின்னும்.

பொம்மையை அறிய வேண்டுமானால் அதன் கண் மட்டத்துக்குக் காமிரா இறங்க வேண்டும். இது தொழில்நுட்பம் மட்டுமில்லை; ஒரு விமர்சனக் கொள்கையும்கூட. மேலிருந்து பார்த்தால் அது விளையாட்டுச் சாமான். அதன் கண் மட்டத்தில் பார்த்தால் ஓர் ஆள். கொஞ்சம் கீழிருந்து பார்த்தால் தெய்வம். ஒரே பொம்மை, ஒரு விரற்கடை ஏற்ற இறக்கத்தில் மூன்று பிறவி எடுக்கிறது. விளக்குகளை அணைத்துவிட்டு ஒரு பக்கத்து ஜன்னல் வெளிச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டால் வெளிச்சம் மெதுவாகும், வார்னிஷ் மின்னாது. போன் காமிராவை முகத்துக்கு மிக அருகே கொண்டு போனால் மூக்குப் பெருத்துக் காது சிறுத்துவிடும். ஓர் அடி பின்னால் தள்ளி நின்று, பிறகு படத்தைப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். பெரிய காமிரா வைத்திருப்பவர்களுக்கு வேறு தொல்லை. அருகில் வைத்துப் பிடித்தால் கண் தெளிவாக இருக்கும், காது மங்கிவிடும். லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினால் இரண்டும் தெளியும், ஆனால் வெளிச்சம் குறைவதால் அதிக நேரம் திறந்து வைக்க வேண்டும், கை நடுங்கும். ஆகவே நாலு புத்தகத்தை அடுக்கி அதன் மேல் காமிராவை வைத்துவிட வேண்டியதுதான். நல்ல நாவல்களாக இருந்தாலும் பரவாயில்லை.

காமிராவுக்கு ஒரு பொய்யும் உண்டு. அதற்கு அளவு தெரியாது. ஒரு சாண் நரசிம்மமும் கோபுரத்து நரசிம்மமும் படத்தில் ஒரே உயரம். சின்னதாக இருப்பதுதான் பொம்மையின் பாதி அழகு. படம் அந்தப் பாதியை விழுங்கிவிடுகிறது. அந்த இளைஞர் படம் எடுக்கிறபோது பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைக்கிறார். ஒரு கொட்டைப்பாக்கு வைக்கலாம், அகல்விளக்கு வைக்கலாம், ஒரு குழந்தையின் விரல் இருந்தால் இன்னும் நல்லது. கும்பகர்ணன் செட்டில் மேளம் கொட்டுகிறவர்கள் செய்கிற வேலையை அந்தப் பாக்கு செய்யும்.

வீட்டுக்குள் இன்னொரு புதிய பழக்கமும் பரவி வருகிறது. பரணிலிருந்து இறக்கிய பாட்டி காலத்துப் பொம்மை மங்கியிருந்தால், கடையில் நாலு டப்பா எனாமல் வாங்கி வந்து வீட்டிலேயே புதிதாக வர்ணம் அடித்துவிடுகிறார்கள். சிலர் கொடுத்து அடித்து வாங்குகிறார்கள். அந்த உற்சாகத்தை நான் குறை சொல்லவில்லை. கையில் பிரஷ் எடுத்து ஒரு கண்ணை எழுதிப் பார்க்கிறவருக்கு, அது எத்தனை கஷ்டம் என்பது முதல் புருவத்திலேயே தெரிந்துவிடும். அதற்கப்புறம் கடையில் அவர் எத்தனை அடி என்று மட்டும் கேட்க மாட்டார். ஆனால் அவர் எழுதிப் பழக வேண்டிய இடம் பாட்டியின் பொம்மை இல்லை. பூசாத புதுப் பொம்மை ஒன்றை வாங்கிக்கொள்ளட்டும். பழைய பொம்மையில் அச்சு ஊரார் சொத்து என்று முன்பே சொன்னேன். அதில் ஓர் ஆளின் சொத்தாக இருந்தது முகம் ஒன்றுதான். அதன் மேல் எனாமல் அடிப்பது, ஒரு பழைய ஏட்டில் எழுத்து மங்கிவிட்டதென்று அதன் மேல் சுண்ணாம்பு அடிப்பதற்குச் சமம். மண்ணானாலும் காகிதமானாலும் தண்ணீர் படாமல், உலர்ந்த மெல்லிய பிரஷால் தூசியைத் தட்டினாலே பாதிக் களை திரும்பிவிடும். உதிர்ந்த இடத்தை மட்டும் தொட்டுக்கொள்ளலாம். கண்ணையும் புருவத்தையும் தொடக் கூடாது.

அப்படியும் புது வர்ணம் அடித்தே தீர வேண்டும் என்றால், அடிப்பதற்கு முன்னால் அந்த முகத்தை, நான் சொன்ன மாதிரி கண் மட்டத்தில், ஒரு படம் எடுத்துவிடட்டும். இதைப் பெரிய காரியமாகவே சொல்கிறேன். இந்த மாவட்டத்தின் வானம் நம்பத்தக்கதல்ல. 2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் இங்கேதான் கரையேறியது. 2015-ல் வெள்ளம் வந்தது. ஓடும் கூரையும் பறந்த ஊரில் பரண் எங்கே இருக்கும்? காகிதக் கூழில் செய்த பொம்மை நனைந்து ஊறினால் மறுபடியும் காகிதக் கூழ்தான். கல்லில் செதுக்கியவன் எழுநூறு வருஷம் இருக்கிறான். செம்பில் வார்த்தவன் மியூசியத்தில் இருக்கிறான். பண்ருட்டியில் புருவம் எழுதியவருக்கு எந்த மியூசியமும் இல்லை. அவருடைய சேகரம் முழுதும் நம் பரண்களில்தான் சிதறிக் கிடக்கிறது. அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து வைத்தால், இந்தக் கண்ணை எழுதிய கைதான் அந்தக் கண்ணையும் எழுதியிருக்கிறது என்று ஒரு நாள் யாராவது அடையாளம் கண்டுபிடிப்பார்கள். அன்றைக்குத்தான் இந்தக் கலைக்கு விமர்சனம் பிறந்ததென்று சொல்லலாம். அதுவரை நான் எழுதுவதெல்லாம் பேர் தெரியாத ஆசிரியர்களின் புத்தகங்களுக்கு மதிப்புரைதான்.

உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வருகிற புரட்டாசியில் பொம்மை வாங்கப் போகிறவர்கள், ஒரே அச்சில் வந்த நாலைந்து பொம்மைகளை வரிசையாக நிறுத்தச் சொல்லி, குனிந்து, அவற்றின் கண் மட்டத்தில் பார்க்கட்டும். ஒன்று மற்றவற்றைவிட நன்றாயிருக்கும். அதை எடுத்துக்கொண்டு, இந்த முகம் யார் எழுதியது என்று கடைக்காரரிடம் கேட்கட்டும். முதல் வருஷம் அவருக்குத் தெரியாது. பத்துப் பேர் கேட்டால் அடுத்த வருஷம் தெரிந்து வைத்துக்கொள்வார். நூறு பேர் கேட்டால், அந்த முகத்துக்கு நாலு ரூபாய் அதிகம் சொல்லுவார். பேரம் பேசாமல் கொடுத்துவிட வேண்டும்.